பெயர்ப் பலகை இல்லாத மெஷின்

பழைய மல்டி பர்ப்பஸ் மர மெஷின் கைமாறும்போது பெரும்பாலும் பாதிதான் வந்து சேரும். கனமான வார்ப்பிரும்பு உடம்பைக் கயிறு கட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ரம்பத்தின் கைடு, துளை போடும் டேபிள், கத்தி கழற்றும் ஆலன் கீ, மூடிகள் எல்லாம் பழைய உரிமையாளரின் பரணிலோ காயலான் கடைக்குப் போன சாக்கிலோ தங்கிவிடும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தச்சர் ஒருவர் இப்படியொரு மெஷினைப் பட்டறையில் இறக்கிவைத்ததும் அக்கம்பக்கத்தார் கேட்பது, "இது எந்தக் கம்பெனி?" என்பதுதான். பதில் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது. மெஷினுக்குள் இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவை அதைச் செய்த கம்பெனிக்குச் சொந்தமானவையே அல்ல. அவை உலகப் பொது அளவுகளில் பிறந்தவை. அளந்தால் பெயர் தெரிந்துவிடும்.

ஒரே உடம்பில் இழைப்பு, கனம் சரிசெய்தல், ரம்ப அறுப்பு, ஓர வேலைப்பாடு, துளையிடுதல் என ஐந்து வேலைகளையும் அடக்கும் யோசனை சிறு பட்டறைகளுக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் வடிவமைத்த ஷாப்ஸ்மித் 1947இல் சந்தைக்கு வந்தது. ஒரே மோட்டார் அதில் ரம்பமாகவும் கடைசலாகவும் துளைப்பானாகவும் மாறும். ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் ராப்லாண்ட், ஆஸ்திரியாவின் ஃபெல்டர், இத்தாலியின் மினிமேக்ஸ், பிரான்சின் கிட்டி, லூரெம் போன்றவை இந்த வகைக்குப் பெயர்போனவை. நம் ஊர்ச் சந்தையில் அதிகம் தென்படுவது பஞ்சாப் வார்ப்பாலைகளில் செய்த எளிய வகை. நீளமான பிளானர் டேபிள், அதன் ஓரத்தில் ஒரு ரம்பம், சாஃப்டின் கடைசியில் ஒரு சக், அவ்வளவுதான். ஆரோவில் 1968இல் தொடங்கிய பிறகு ஐரோப்பியர் பலர் வந்து குடியேறிய வட்டாரம் இது. வெளிநாட்டு மெஷின் ஒன்று விலைக்கு வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது மோட்டார் தகடு. பெயர் அழிந்திருந்தாலும் அலகுகள் பிறந்த ஊரைக் காட்டிக் கொடுக்கும். சக்தி 'சி.வி.' என்றும் வேகம் 'டி.ஆர்./மின்' என்றும் பொறித்திருந்தால் அது பிரெஞ்சு மோட்டார். 'பி.எஸ்.', 'யு/மின்' என்றால் ஜெர்மனி அல்லது ஆஸ்திரியா. ஒரு பிரெஞ்சுக் குதிரைத்திறன் 735.5 வாட், நாம் சொல்லும் ஆங்கிலக் குதிரைத்திறன் 745.7 வாட். இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். பொருட்படுத்த வேண்டியது வோல்ட். தகட்டில் 220/380 என இரண்டு எண்கள் இருந்தால், சிறியது டெல்டா இணைப்புக்கு, பெரியது ஸ்டார் இணைப்புக்கு. நம் மூன்று பேஸ் லைன் 415 வோல்ட் அளவில் வருவதால் அதை ஸ்டாரில்தான் கட்ட வேண்டும். இன்னும் பழைய பிரெஞ்சு மோட்டார்களில் 127/220 என்று இருக்கும். அதை எந்த இணைப்பில் நம் லைனில் நேராகக் கொடுத்தாலும், வைண்டிங் கடைக்காரருக்குத்தான் வருமானம்.

அமெரிக்க மோட்டாரில் இன்னொரு சிக்கல். அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சியில் வருகிறது, இங்கே 50 சுழற்சியில். இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் இந்த எண்ணைத்தான் பின்தொடரும். அங்கே நிமிடத்துக்கு 3,450 சுற்று ஓடியது இங்கே 2,850 சுற்றுக்கு அருகில் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த 50ஐ அது மாற்றாது. வோல்ட்டையும் அதே விகிதத்தில், ஆறில் ஐந்தாகக் குறைக்காவிட்டால் மோட்டாரின் இரும்புக்குள் காந்தப்புலம் அளவுக்கு மீறி ஏறிச் சூடு பிடிக்கும். உள்ளூர் மோட்டார் ஒன்றை மாட்டிவிடுவதே பல நேரம் மலிவு.

மெஷின் உடம்பில் புடைப்பாக வார்த்திருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண். அந்தப் பாகத்தை அடையாளம் காட்டுமே தவிர, மாடலைச் சொல்லாது. மெஷினின் சொந்த எண் வழக்கமாகத் தகட்டில் அடித்திருக்கும், அல்லது டேபிள் விளிம்பில் உளிக்குத்துப் போலப் பதிந்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே அது கண்ணுக்குத் தெரியும்.

நல்ல செய்தி பேரிங்கில் இருக்கிறது. மெஷின் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், உள்ளே 6205 என்று எழுதிய பேரிங் இருந்தால் அதன் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. அந்தக் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் சாஃப்டின் விட்டம் கிடைத்துவிடும்: 04 என்றால் 20, 06 என்றால் 30. எண் தேய்ந்து போயிருந்தாலும் வெர்னியர் வைத்து மூன்று அளவையும் எடுத்துப் போனால் புதுச்சேரி டவுன் கடைக்காரர் பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுவார். மரத்தூள் பறக்கும் இடம் என்பதால் இருபுறமும் ரப்பர் சீல் உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. பழைய பிரிட்டிஷ் மெஷின் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அதில் ஒரு இஞ்ச் சாஃப்டுக்கு இரண்டேகால் இஞ்ச் வெளிவிட்டமுள்ள இஞ்ச் பேரிங் இருக்கலாம். 25.4 மி.மீ. சாஃப்டில் 25 மி.மீ. பேரிங்கைச் சுத்தியலால் இறக்கப் பார்ப்பது சாஃப்டையே கெடுத்துவிடும்.

பெல்ட்டும் அப்படித்தான். ஏ-40 என்றால் 'ஏ' என்பது குறுக்குவெட்டு: மேலே 13 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். 40 என்பது உள்சுற்று நீளம், இஞ்சில். 'பி' என்றால் 17 மி.மீ. அகலம். பெல்ட்டே இல்லாமல் வந்த மெஷினுக்கு இரண்டு புல்லியையும் சுற்றிச் சணல் கயிறு ஓட்டி அளந்தால் போதும், கடையில் முன்பின் இரண்டு எண்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மதுரை ஃபென்னர் தொடங்கி எல்லா உற்பத்தியாளர்களும் இந்த ஒரே எண்முறையில்தான் அச்சிடுகிறார்கள்.

ஆனால் புல்லியின் அளவில் கவனம் வேண்டும். முந்தைய உரிமையாளர் எதையாவது மாட்டி ஓட்டியிருக்கக்கூடும். 2,850 சுற்று மோட்டாரில் 5 இஞ்ச் புல்லியும் சாஃப்டில் 3 இஞ்ச் புல்லியும் இருந்தால் சாஃப்ட் 4,750 சுற்று ஓடும். 75 மி.மீ. விட்டமுள்ள பிளானர் பிளாக்குக்கு அது பொருத்தமான வேகம். கத்தியின் முனை விநாடிக்குச் சுமார் 19 மீட்டர் ஓடும். எளிய மெஷின்கள் சிலவற்றில் அதே சாஃப்டின் ஓரத்தில்தான் ரம்பமும் ஏறும். அங்கே 10 இஞ்ச் ரம்பம் மாட்டினால் பல்முனையின் வேகம் விநாடிக்கு 63 மீட்டர். 12 இஞ்ச் மாட்டினால் 76 மீட்டர், மணிக்கு 270 கிலோமீட்டருக்கும் மேல். ரம்பத் தகட்டில் அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். பெரிய ரம்பம் கிடைத்தது என்பதற்காக மாட்டிவிடக் கூடாது.

ரம்பத்தின் நடுத்துளையும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 30 மி.மீ., நம் கடைகளில் ஒரு இஞ்ச் அதாவது 25.4 மி.மீ., அமெரிக்காவின் 10 இஞ்ச் ரம்பத்தில் 15.88 மி.மீ. சாஃப்டை அளந்தால் மெஷினின் ஊரும் தெரியும், எந்த ரம்பம் வாங்குவது என்பதும் தெரியும். துளை பெரிதாக இருந்தால் துல்லியமாகக் கடைந்த வளையம் போட்டுச் சரிக்கட்டலாம்; அட்டையோ டேப்போ சுற்றி நிரப்பினால் ரம்பம் மையம் தப்பிச் சுற்றும். ஓர வேலைப்பாடு போடும் ஸ்பிண்டிலில் இந்தச் சலுகையும் வேண்டாம். 30 மி.மீ. ஸ்பிண்டிலும் ஒன்றேகால் இஞ்ச், அதாவது 31.75 மி.மீ. ஸ்பிண்டிலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பிரெஞ்சு மெஷின்களில் 50 மி.மீ. ஸ்பிண்டிலும் உண்டு. அளக்காமல் கட்டர் வாங்கினால் பணம் போகும். தளர்வாக ஏறிய கட்டர் சுழன்றால் போவது பணம் மட்டுமல்ல.

சாஃப்ட் நுனியின் நட்டைக் கழற்றும்போது ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ரம்பம் ஓடும்போது நட்டு தானாக இறுகும்படி மரையை வெட்டியிருப்பார்கள். அதனால் ஒரு பக்கத்து நட்டு வழக்கமான வலது மரையாகவும் இன்னொரு பக்கத்து நட்டு இடது மரையாகவும், பட்டறைப் பேச்சில் 'ரிவர்ஸ் திரெட்'டாகவும் இருக்கும். ரம்பம் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் நட்டு கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் குழாய் மாட்டி எதிர்த்திசையில் இழுத்து, கழற்றுவதாக நினைத்து இறுக்கி, மரையை உரித்த சாஃப்டுகள் லேத் பட்டறைகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அதிகம் ஏமாற்றுவது போல்ட். தச்சர் பேச்சில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். இரண்டரை நூல் போல்ட் என்றால் பதினாறில் ஐந்து இஞ்ச், 7.94 மி.மீ. மெட்ரிக் 8 மி.மீ. போல்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு தலைமுடி அளவுதான். ஆனால் மரைக்கு மரை தூரம் மெட்ரிக்கில் 1.25 மி.மீ., இஞ்ச் போல்ட்டில் 1.41 மி.மீ. இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏறும், பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் வார்ப்பிரும்பின் மரை பொடிப்பொடியாக உதிரும். பத்து மரைகளின் நீளத்தை அளந்து பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்: 12.5 மி.மீ. வந்தால் மெட்ரிக், 14 மி.மீ. வந்தால் இஞ்ச். போல்ட்டை ஒரு தாளில் அழுத்தி உருட்டினாலே கோடுகள் பதியும், எண்ணிக்கொள்ளலாம்.

இஞ்ச் போல்ட்டுக்குள்ளும் இரண்டு சாதி. ஜோசப் விட்வொர்த் 1841இல் இங்கிலாந்துக்கு வகுத்த மரை 55 டிகிரி கோணம். வில்லியம் செல்லர்ஸ் 1864இல் அமெரிக்காவுக்கு முன்மொழிந்தது 60 டிகிரி. பல அளவுகளில் மரை எண்ணிக்கை ஒன்றுதான். அரை இஞ்சில் மட்டும் பிரிட்டிஷ் போல்ட்டுக்கு இஞ்சுக்கு 12 மரை, அமெரிக்க போல்ட்டுக்கு 13. ஆகவே ஊர் தெரியாத மெஷினில் அரை இஞ்ச் போல்ட் ஒன்று கிடைத்தால் அது பெயர்ப் பலகைக்குச் சமம். நிலத்தைப் பேச்சில் குழியாகவும் பதிவேட்டில் ஏராகவும் கணக்கிடப் பழகிய பாகூர்க்காரருக்கு இரண்டு அளவுமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது பெரிய வித்தையாக இருக்காது.

இவையெல்லாம் இருக்கும் பாகத்தை அடையாளம் காணும் வழி. இல்லாத பாகத்தை எப்படி அடையாளம் காண்பது?

துளைகள் சொல்லும். டேபிளின் முன் விளிம்பில் உருண்டைக் கம்பியோ, கம்பி பிடித்த இரண்டு துளைகளோ இருந்தால் அங்கே ரம்பக் கைடு ஓடியது. விளிம்பு நெடுக 'டி' வடிவப் பள்ளம் இருந்தால் நகரும் டேபிள் மாட்டும் இடம். பிளானர் சாஃப்டின் ஒரு நுனி மூடிக்கு வெளியே நீட்டி மரையுடன் நின்றால், அதில் சக் இருந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே உடம்பில் வழவழப்பாகச் செதுக்கிய சதுரப் பரப்பும் நான்கு மரைத்துளைகளும் தெரிந்தால் துளை போடும் டேபிள் அங்கேதான் தொங்கியது. ரம்ப சாஃப்டின் பின்புறம் வாய் பிளந்த ஒரு கவ்வி இருந்தால், ரம்பத்தின் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு காணாமல் போயிருக்கிறது. துளையைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தால் ஏதோ பாகம் அங்கே பலகாலம் உட்கார்ந்திருக்கிறது; துளைக்குள்ளேயும் பெயின்ட் அப்படியே இருந்தால், கம்பெனி வேறொரு மாடலுக்காகப் போட்டுவைத்த துளை. அந்த உதிரி பாகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. விலை பேசும்போது இந்தப் பார்வை காசாகும். 'எல்லாச் சாமானும் இருக்கிறது' என்று விற்பவர் சொன்னால் டேபிளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதில் தவறில்லை.

துளை போடும் சக் கிடைத்துவிட்டாலும் அதற்கான பிட் வாங்குவதில் ஒரு பொறி உண்டு. நிலை, கதவு, கட்டில் எல்லாமே ஒரு கட்டையில் துளையும் மறு கட்டையில் அதற்குள் நுழையும் நாக்குமாகச் சேர்பவை என்பதால் தச்சருக்கு இந்தப் பாகத்தின் மேல் தனிக் கண். சக்கை மாட்டும் நுனியைப் பொறுத்து, பிட்டின் பக்கமிருந்து பார்த்தால் சாஃப்ட் இடமாகவும் சுற்றலாம், வலமாகவும் சுற்றலாம். வழக்கமான டிரில் பிட் ஒரு திசைக்குத்தான் வெட்டும். எதிர்த்திசையில் சுற்றும் சாஃப்டில் அதை மாட்டினால் மரம் கருகுமே தவிர துளை விழாது. இதற்காகவே பக்கவாட்டில் துளைக்கும் பிட்டுகளை இடது, வலது என இரண்டாகச் செய்கிறார்கள். மோட்டாரைத் திசை மாற்றி ஓட்டிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அதே சாஃப்டில் இருக்கும் பிளானர் கத்தியும் ரம்ப நட்டும் அதற்குச் சம்மதிக்க மாட்டா.

பிளவுத் தகடு இல்லாத ரம்பம் ஓடாது என்று யாரும் சொல்ல முடியாது; நன்றாகவே ஓடும். அதனால்தான் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ரம்பத்தின் முன்பற்கள் மரத்தைக் கீழே அழுத்துகின்றன, பின்பற்கள் மேலெழும்பிக்கொண்டிருக்கின்றன. அறுபட்ட மரம் உள்ளிறுக்கத்தால் பின்னால் சேர்ந்து மூடிக்கொண்டால் அந்தப் பின்பற்கள் அதைக் கவ்வித் தூக்கி, அறுப்பவர் மேலேயே எறியும். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடும் பல் எறியும் கட்டையைப் பார்த்து விலக நேரமே இருக்காது. ரம்பத்தின் பின்னால் நிற்கும் தகடு அறுத்த வாயை மூடவிடாமல் தடுக்கிறது. அதன் கனம் ரம்பத் தகட்டைவிடக் கூடுதலாகவும் பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். தகடு 2.2, அறுப்பு 3.2 மி.மீ. என்றால் 2.5 முதல் 2.8 மி.மீ. வரை சரி. பற்களுக்கும் அதற்கும் நடுவே 3 முதல் 8 மி.மீ. இடைவெளி போதும். பழைய தகடு கிடைக்காவிட்டால் இந்த அளவுகளைக் கொடுத்துப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். அசல் கம்பெனிப் பாகத்துக்கு ஏங்க வேண்டாத இடம் இது.

ஏங்குவதே தவறு என்று சொல்லத்தக்க பாகமும் உண்டு. மிகப் பழைய பிளானர்களில் கத்தி பிடிக்கும் பிளாக் சதுரமாக இருக்கும். சதுரம் சுற்றும்போது இரண்டு டேபிளுக்கும் நடுவே அகலமான குழி திறந்து மூடும். விரல் தவறினால் அந்த ஆழம் வரை உள்ளே இழுக்கும். உருளை பிளாக்கில் கத்தி நீட்டும் அளவு மட்டுமே வெளியே. கையால் தள்ளி இழைக்கும் பிளானருக்கு உருளை பிளாக் கட்டாயம் என்று பிரிட்டனின் மர மெஷின் விதிகள் 1922இலேயே சொல்லிவிட்டன. நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1948இன் கீழ் வந்த விதிகளிலும் அதே கட்டுப்பாடு இடம்பெற்றது. சதுர பிளாக்குக்குக் கத்தி தேடி ஊர் ஊராக அலைபவர் அந்த நேரத்தில் மெஷினையே வேண்டாம் என்று விட்டுவரலாம்.

உருளை பிளாக்குக்குக் கத்தி வாங்க மூன்று அளவு போதும்: நீளம், அகலம், கனம். தேய்ந்த கத்தியின் அகலம் குறைந்திருக்கும் என்பதால் பிளாக்கின் பள்ளத்தையும் அளந்துகொள்வது பத்திரம். கத்திகளை ஜோடியாக வாங்கித் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கத்தி மற்றதைவிட வெறும் 10 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 35 மி.மீ. தூரத்தில் 4,750 சுற்றில் அந்த 10 கிராம், 9 கிலோ எடைக்கு நிகரான விசையோடு சாஃப்டை வெளியே இழுக்கும். சுற்றுக்குச் சுற்று அந்த இழுப்பு திசை மாறிக்கொண்டே வரும். புதுப் பேரிங் ஏன் சீக்கிரம் சத்தம் போட்டது என்பதற்குப் பல சமயம் இதுதான் விடை.

கடைசியில் எந்தக் கடையிலும் கிடைக்காத சில பாகங்கள் மிஞ்சும். கைடைப் பிடிக்கும் கொக்கி, டேபிளை ஏற்றி இறக்கும் கைச்சக்கரம், கோணம் காட்டும் பிறைத் தகடு போன்றவை அந்தந்தக் கம்பெனியின் சொந்த வடிவங்கள். இங்கே மட்டும்தான் கம்பெனிப் பெயர் உண்மையாகவே உதவும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் முடியும், பணமும் பொறுமையும் இருந்தால். இல்லாவிட்டால் வார்த்துக்கொள்ளலாம். புதுச்சேரிக்கு அது புதிதல்ல. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை 1937இல் கட்டத் தொடங்கியபோது அதற்கான பித்தளைச் சாமான்களை ஆசிரமத்தின் ஹார்பகான் பட்டறையிலேயே செய்துகொண்டார்கள். அங்கே கட்டடக் கலைஞராக இருந்த ஜார்ஜ் நகஷிமா பிற்காலத்தில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ் பெற்றார்.

வார்ப்புக்கு வேண்டிய மர அச்சைச் செய்ய தச்சரைவிடப் பொருத்தமானவர் யார்? கணக்கு மட்டும் பழக வேண்டும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும்: வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒரு பங்கு, அலுமினியம் ஒன்றே கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல், பித்தளை ஒன்றரைப் பங்கு. 300 மி.மீ. நீளக் கைடுக் கொக்கியை அலுமினியத்தில் வார்க்க வேண்டுமென்றால் அச்சு 304 மி.மீ. இருக்க வேண்டும். லேத்தில் கடைய வேண்டிய முகங்களில் இரண்டு மூன்று மி.மீ. தடிப்பு தனியாகச் சேர்க்க வேண்டும். மணலிலிருந்து அச்சை உடையாமல் உருவ, பக்கங்களைக் கீழிருந்து மேலாக ஒன்றிரண்டு டிகிரி சரிவாக இழைத்துவிட வேண்டும். துளைகளை வார்ப்பில் விடாமல், பாகத்தை மெஷினிலேயே வைத்து, பழைய துளைகளின் வழியே குறித்துக்கொண்டு கடைசியில் போடுவது நல்லது.